கலத்தின் நடுவே ஒரு காவல்

ஆடி மாதத்திலே கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து வேற்பெருமான் தேரேறி, காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கு எழுந்தருளும் காட்சியைக் கொழும்புவாழ் தமிழ் மக்கள் நன்கு அறிவர். இவ்விழா எவ்வாறு தொடங்கியது என்பது பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி ஒன்றுண்டு. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலே இலங்கையில் வாந்திபேதி அடிக்கடி தலைகாட்டிற்று. மக்கள் பெருந்திரளாகக் கூடும் கதிர்காம யாத்திரையினால் நோய் பரவுகின்றதென்று அஞ்சிய ஆங்கில அரசாங்கம் யாத்திரைக்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. கதிர்காமம் செல்ல இயலாத நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொழும்பிலேயே வேல் விழாவை எடுக்கலாயினர் என்பதே அச்செய்தி. தேயிலை, கோப்பித் தோட்டங்களை நாடித் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த நம் மக்களுள் எத்தனையோ பேரை வழியிலேயே பலிகொண்டதும் இந்நோயேயாகும்.

வாந்திபேதியை உண்டாக்குவது விப்ரியோ கொலரே என்னும் பற்றீரியம். 1854 இல் இத்தாலியரான பசினி அதனை நுணுக்குக்காட்டியிலே கண்டார். முப்பதாண்டுகளின் பின், 1884 இல், ஜேர்மனியரான கொக் என்பார் கல்கத்தாவிலே அதனைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். அது குடலிலே சுரக்கும் நஞ்சை 1959 இல் நிறுவியவர் அதே கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே. இவையெல்லாம் பலரும் பேசியவை. யான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்நஞ்சைப் பற்றியன்று. நஞ்சினும் முந்தியதொரு வினாவைப் பற்றியது. ஒரு பற்றீரியம் இரண்டாகின்றதே, அது தன்னைத் தானே எங்கே வெட்டிக்கொள்வது, எப்பொழுது வெட்டிக்கொள்வது என்பதை எவ்வாறு அறிகின்றது?

இஃது எளிய வினாவன்று. நல்ல உணவும் ஏற்ற வெப்பமும் கிடைத்தால் விப்ரியோ ஏறக்குறைய 20 நிமிடங்களுக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, தடையின்றிப் பெருகுமாயின் முப்பதாவது பிரிவிலே அதன் தொகை 107 கோடியைத் தாண்டும். முப்பது பிரிவுகளுக்கு வேண்டிய காலமோ பத்து மணித்தியாலம். மாலையிலே நலமாக இருந்தவர் மறுநாட் காலையிலே மரணத் தறுவாயிற் கிடந்தார் என்று பழைய பதிவுகள் கூறுவதன் பின்னே இக்கணக்கும் ஒளிந்திருக்கின்றது. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு சிறு பிழை நேர்ந்தால் இப்பெருக்கம் நின்றுபோகும். அது நிற்பதில்லை.

பிழை நேர்வதற்கு இடம் இல்லாமலா? நிறைய உண்டு. விப்ரியோவின் நீளம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலே இரண்டு பங்களவுதான். அதனுள்ளே சுருண்டும் மடிந்தும் கிடக்கும் டீ.என்.ஏ. இழையை நீட்டிப் பிடித்தால் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வரும்; தன் உடலைப் போல் அறுநூறு மடங்கிற்கும் மேற்பட்ட நீளம். நமது கலங்களிலே இவ்விழைகள் கரு என்னும் அறையினுள் வைக்கப்பட்டுள்ளன. அவை முதலில் இரட்டிக்கப்பட்டு, பின்பு இரு துருவங்களுக்கும் இழுக்கப்பட்டு, அதன் பின்னரே கலம் நடுவே பிளக்கும்; ஒன்று முடிந்து மற்றொன்று என்னும் ஒழுங்கு அங்கே உண்டு. பற்றீரியத்திற்குக் கருவுமில்லை, அவ்வளவு பொறுமையுமில்லை. இழை படியெடுக்கப்பட்டுக் கொண்டிருக்கும்போதே எடுத்த படிகள் இருபுறமும் விலகத் தொடங்குகின்றன. அவை முற்றும் விலகுமுன்பே நடுச்சுவருக்கான ஆயத்தமும் ஆரம்பமாகலாம். சுவர் சற்றே முந்திவிட்டால், இழையின் மீதே கத்தி இறங்கும். முன்னோர் கொடுத்த ஏட்டுச் சுவடியை நடுவே அறுத்து இரு மக்களுக்கும் ஆளுக்குப் பாதி கொடுத்ததுபோல் ஆகும். இருவருக்கும் அதனாற் பயனில்லை.

கத்தி என்றேன், அக்கத்தியை முதலிற் பார்ப்போம். பற்றீரியம் பிரியப்போகும் இடத்திலே, மென்சவ்வின் உட்புறமாக, ஒரு புரதம் வளையமாகத் திரளும். 1991 இல் அமெரிக்காவின் கன்சாசு மாநிலத்திலே பீ என்பவரும் லுற்கென்ஹவுஸ் என்பவரும் இதனைக் கண்டறிந்தனர். எவ்.ரி.எஸ்.-இசட் என்பது அதன் பெயர். நாம் வளையப் புரதம் என்றே அழைப்போம். இது நமது கலங்களிலே நுண்குழாய்களை ஆக்கும் புரதத்திற்கு மிகப் பழைய உறவு. இவ்வளையம் நிலையாக நிற்கும் இரும்பு வளையம் போன்றதன்று என்பது 2017 இல் வெளியான ஆய்வுகளினால் தெளிவாயிற்று. சிறு சிறு நார்கள் ஒரு முனையிலே வளர்ந்தும் மறு முனையிலே தேய்ந்தும் வட்டமாக ஓடிக்கொண்டேயிருக்கும். அவற்றைத் தொடர்ந்து கலச்சுவரைக் கட்டும் நொதியங்கள் ஓடும். சுவர் வெளியிலிருந்து உள்நோக்கி வளர்ந்து, ஈற்றிலே கலம் இரண்டாகும்.

இனி, இவ்வளையம் நடுவிலேயே தோன்றுவானேன்? இதற்கு முதலிற் கிடைத்த விடை பற்றீரியத்தின் இரு முனைகளிலிருந்து வந்தது. எசரிக்கியா கோலை என்னும் குடற் பற்றீரியத்திலே சில வேளைகளில் முனையையொட்டிப் பிரிவு நிகழ்ந்து, டீ.என்.ஏ. சிறிதும் இல்லாத சின்னஞ்சிறு கலங்கள் தோன்றுவதை 1967 இல் அட்லரும் அவருடன் உழைத்தோரும் விவரித்தனர். முனைகளிலே வளையம் தோன்றாதபடி தடுக்கும் புரதங்கள் இருத்தல் வேண்டும், அவை பழுதுற்றமையாலேயே இவ்வாறு நிகழ்ந்தது என்பது பின்னர் தெரியவந்தது. அவற்றுக்கு மின் புரதங்கள் என்று பெயர். மின்சாரத்துக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்புமில்லை. சிறு கலம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் தலைப்பெழுத்துக்களே இங்ஙனம் நம் செவிக்கு மின்னலாகக் கேட்கின்றன. இப்புரதங்கள் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை கலத்தின் இரு முனைகளுக்குமிடையே போய்வந்து கொண்டிருக்கின்றன, ஊஞ்சல் ஆடுவதுபோல. ஆகவே, முனைகளிலே தடை மிகுதி, நடுவிலே குறைவு.

ஆயினும் இது பாதி விடையே. முனைகளைத் தவிர்த்தாயிற்று, நடுவிலே டீ.என்.ஏ. கிடக்குமாயின் என் செய்வது? டீ.என்.ஏ. கிடக்கும் இடத்தின் மேலே பிரிவு நிகழ்வதில்லை என்பதை ஒல்லாந்து நாட்டு அம்ஸ்ரடாமிலே வொல்ட்ரிங் என்பாரும் அவர் குழுவினரும் 1980களின் இறுதியளவிலே எடுத்துக் காட்டினர். எது தடுக்கின்றது என்பது மட்டும் பல ஆண்டுகளாக விளங்கவில்லை.

விடை 2004 இலும் 2005 இலும் அடுத்தடுத்து வந்தது. இங்கிலாந்திலே வூ என்னும் அம்மையாரும் எரிங்ரன் என்பாரும் பசிலசு சப்ரிலிசு என்ற மண் பற்றீரியத்திலே நொக் என்னும் புரதத்தைக் கண்டனர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே பேர்ண்ஹாட் என்பாரும் டி பூர் என்பாரும் எசரிக்கியா கோலையிலே எஸ்.எல்.எம்.-ஏ என்னும் புரதத்தைக் கண்டனர். இரண்டாவதைக் கண்ட முறை நேயர்கள் கேட்டு மகிழத்தக்கது. மின் புரதங்கள் அற்றுப்போன கலமும் உயிர் வாழ்கின்றது. அப்படியாயின் வேறொரு காவல் இன்னும் விழித்திருக்கின்றது என்பதே பொருள். ஒரு வீட்டுக்கு இரு காவலர் இருந்தால், ஒருவர் உறங்கினும் களவு நேராது. ஆதலால், முதற் காவலர் ஏற்கெனவே உறங்கும் வீடுகளை மட்டும் தெரிந்தெடுத்து, அவற்றிலே வேறு எந்தப் பரம்பரையலகு பழுதுற்றால் கலம் மாள்கின்றது என்று அவர்கள் தேடினர். தேடியவழி இப்புரதம் அகப்பட்டது. தனியே இது இல்லாவிட்டாலும் கலம் ஏறக்குறையச் செம்மையாகவே வாழும். மின் புரதங்களோடு இதுவும் இல்லையாயின், செழுமையான உணவிலே வளரும் கலம், கண்ட கண்ட இடமெல்லாம் வளையப் புரதத்தைச் சிதறவிட்டு, எங்கும் பிரிய இயலாது நூலாக நீண்டு மாயும்.

எஸ்.எல்.எம்.-ஏ என்பதைக் காவற் புரதம் என்று சொல்வோம். அது டீ.என்.ஏ. இழையைப் பற்றிக்கொள்ளும் இனத்தது. எங்கும் பற்றுவதன்று, நிறமூர்த்தத்திலே ஆங்காங்கே சிதறிக் கிடக்கும், ஏறக்குறைய 12 எழுத்துக்களாலான ஒரு குறிப்பிட்ட சொல்லையே தேடிப் பற்றும். அச்சொல்லுக்கு ஓர் அழகுண்டு. ஓரிழையிலே ஒரு திசையாகப் படித்தாலும், எதிரிழையிலே மறு திசையாகப் படித்தாலும் அது ஒன்றாகவே இருக்கும். நம் புலவர்கள் மாலைமாற்று என்று ஒரு சித்திரகவி வைத்தார்கள். திருஞானசம்பந்தர் அவ்வகையிலே ஒரு பதிகமே அருளியிருக்கின்றார். அங்கே படிப்பது ஒரே வரி. இங்கே படிப்பது எதிரெதிராகச் செல்லும் இரு வரிகள். வேறுபாடு அவ்வளவே. இரு பக்கமும் ஒத்த சொல்லாதலால், ஒத்த இரு புரதங்கள் சோடியாக வந்து அதன்மேல் அமர இயல்கின்றது.

தனியே மிதந்து திரியும்போது இப்புரதத்தின் வலிமை மிகச் சிறிது. டீ.என்.ஏ.யின் மேல் அமர்ந்த பின்னரே அது வளையப் புரதத்தின் வாற்பகுதியைப் பற்றி, அதன் நார்களை உடைத்தெறியும் ஆற்றலைப் பெறுகின்றது. 2010, 2011 ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இன்னுமொன்றையும் வெளிப்படுத்தின. அப்பன்னீரெழுத்துச் சொல் நிறமூர்த்தம் முழுவதும் பரந்து கிடந்தாலும், படியெடுத்தல் முடிவுறும் கடைசிப் பகுதியிலே மட்டும் அது காணப்படுவதில்லை.

இதன் நயம் விளங்க, நமது பம்பலப்பிட்டிக்கே வருவோம். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளைப் புகையிரதப் பாதை குறுக்கே கடக்கின்றது. வண்டி வரும்போது கடவையை மூடுவதற்கு ஒருவர் வேண்டும். அவருக்கு வண்டி வருவதை அறிவிக்க மணி வேண்டும். மணியடிக்க மற்றொருவர் வேண்டும். பற்றீரியத்திலே கடவைக் காவலரும் இல்லை, மணியும் இல்லை. அங்கே புகைவண்டியே தன் பெட்டிகள் தோறும் சிவப்பு விளக்கை ஏற்றிக்கொண்டு வருகின்றது. விளக்குத் தெரியும் வரையில் ஒருவரும் குறுக்கே செல்லார். கடைசிப் பெட்டிகளிலே மாத்திரம் விளக்கு இல்லை. ஆகவே, அவை கடவைக்கு வரும்பொழுதே வழி திறந்துவிடுகின்றது. வண்டி முற்றும் கடந்து போகுமுன் வளையம் திரளத் தொடங்கலாம். காலம் வீணாவதில்லை, அறுபடுவதுமில்லை. எங்கே என்ற வினாவுக்கும் எப்பொழுது என்ற வினாவுக்கும் டீ.என்.ஏ.யே விடையாகின்றது. பற்றீரியம் ஒன்றையும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணவேண்டிய தேவையே அதற்கு இல்லாதபடி காவல் எழுதப்பட்டிருக்கின்றது.

பசிலசின் நொக் புரதமும் எசரிக்கியாவின் காவற் புரதமும் உறவினரல்லர் என்பதும் இங்கே சொல்லத்தக்கது. எசரிக்கியாவினுடையது, பரம்பரையலகுகளைத் திறந்து மூடும் பெரியதொரு புரதக் குடும்பத்திலே பிறந்தது. நொக்கோ நிறமூர்த்தங்களைப் பங்கிடும் வேலையைச் செய்யும் வேறொரு குடும்பத்தினது, அது டீ.என்.ஏ.யை மென்சவ்வோடு சேர்த்துக் கட்டித் தடை செய்கின்றது. ஒரே தேவைக்கு இரு வேறு குலத்தார் வந்து காவல் நிற்கின்றனர். தேவை எவ்வளவு கடியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யான் அறியேன்.

இனி நம் விப்ரியோவுக்குத் திரும்புவோம். மேலே சொன்னவையெல்லாம் ஒரே நிறமூர்த்தம் உடைய பற்றீரியங்களைப் பற்றியவை. பெரும்பாலான பற்றீரியங்கள் அத்தகையனவே. பத்திலே ஒரு பங்களவானவை ஒன்றுக்கு மேற்பட்டவற்றை உடையன. விப்ரியோ அவற்றுள் ஒன்று. 2000 ஆம் ஆண்டிலே அதன் முழு எழுத்துவரிசையும் வெளியிடப்பட்டபோது, ஏறக்குறைய 30 இலட்சம் எழுத்துக்கள் கொண்ட பெரிய நிறமூர்த்தம் ஒன்றும், 10 இலட்சத்துச் சொச்சம் கொண்ட சிறியது ஒன்றும் இருப்பது ஐயமற விளங்கிற்று. சிறியது ஒரு காலத்திலே வெளியிலிருந்து வந்து குடியேறியது என்பது அறிஞர் கருத்து. இரு புகைவண்டிகள் ஒரே கடவையைக் கடக்க வேண்டுமாயின் என்ன செய்வது?

இதற்கு விப்ரியோ இரு ஏற்பாடுகள் வைத்திருக்கின்றது. முதலாவது, இரண்டும் ஏறத்தாழ ஒரே வேளையிலே முடியும்படி செய்தல். பெரிய நிறமூர்த்தத்தைப் படியெடுக்கும் பொறி அதிலுள்ள ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடந்த பின்பே சிறியதற்குப் படியெடுக்க உத்தரவு பிறக்கின்றது. பாரிசிலுள்ள பாஸ்ரர் நிலையத்தார் இதனை 2016 இல் விளக்கினர். இரண்டாவது, நாம் பேசிவரும் காவல். அதே 2016 இல், பிரான்சிலே பார் என்பாரின் குழுவினர், காவற் புரதம் பற்றும் சொற்கள் சிறிய நிறமூர்த்தத்திலும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டனர். அவை வளையத்தைக் கலத்தின் நடுவிலே திருத்தமாக நிறுத்துவதற்கும், அதன் திரட்சியைக் கல வாழ்வின் கடைசி நேரம் வரைக்கும் தள்ளிப்போடுவதற்கும் துணை செய்கின்றன. வந்து குடியேறியவரும் விளக்கேற்றிக்கொண்டே ஓடப் பழகிவிட்டார்! எசரிக்கியாவிலே துணைக் காவலாக இருந்த புரதம், விப்ரியோவிலே தலைமைக் காவலாக விளங்குகின்றது.

இப்புரதத்துக்கு விப்ரியோவிலே மற்றொரு தொழிலும் உண்டு. கழிமுகங்களிலும் கரையோரக் கடல்களிலும் விப்ரியோ வாழும் இயல்பினது. அங்கே இறால், நண்டு முதலியவற்றின் ஓட்டிலுள்ள கைற்றின் என்னும் பொருளின்மேல் ஒட்டி அதனை உணவாக்கிக்கொள்ளும். அவ்வுணவிலிருந்து பெறும் ஒரு வெல்லத்தைப் பயன்படுத்துவதற்கான பரம்பரையலகுகளைத் தூண்டிவிடுவதும் இக்காவற் புரதமே என்று அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தார் 2017 இல் அறிவித்தனர். வாயில் காப்போனே சமையற்கட்டின் திறவுகோலையும் வைத்திருப்பது நம் வீடுகளிலே புதிதன்று.

பிரிவு நிகழும் அந்த நடுவிடத்தைப் பற்றி இன்னுமொரு செய்தி. படியெடுத்த இரு வட்டங்களும் சிலவேளை ஒன்றோடொன்று பிணைந்து ஒரே பெரிய வட்டமாகிவிடும். அப்பிணைப்பை அவிழ்ப்பதற்கென்று நிறமூர்த்தத்தின் முடிவுப் பகுதியிலே ஓர் இடமும், அவ்விடத்திலே அறுத்து ஒட்டும் இரு நொதியங்களும் உண்டு. அவற்றின் வேலை பெரும்பாலும் கலம் பிரியும் தறுவாயில் நடப்பது. வாந்திபேதி நஞ்சுக்கான பரம்பரையலகுகளைச் சுமந்துவரும் வைரசு ஒன்றுண்டு. அது விப்ரியோவினுள் நுழைந்து, வேறு இடமெல்லாம் விட்டு, இந்த இடத்திலேயே, விப்ரியோவின் சொந்த நொதியங்களைக் கொண்டே தன்னைத் தைத்துக்கொள்கின்றது. எக்காலத்தும் கைவிட முடியாத உறுப்பிலே குடியேறிய வஞ்சகம் அது. கரையோர நீரிலே ஓட்டைத் தின்று வாழ்ந்த எளிய உயிர் மக்களை மாய்க்கும் உயிராக மாறியதிலே இவ்வைரசுக்கு இருக்கும் பங்கு பெரிது.

இவற்றையெல்லாம் கேட்ட நேயர் ஒருவர், காவற் புரதத்தைக் கெடுத்தால் நோயை ஒழிக்கலாமே என்று எண்ணுதல் இயல்பு. ஆராய்ச்சி நிலையங்கள் விடுக்கும் செய்திகளிலும் புதிய மருந்து என்னும் சொல் எளிதிலே தலைகாட்டிவிடுகின்றது. என் கருத்து வேறு. தனியே அழிந்தாலும் கலத்தை மாய்க்காத ஒன்றைக் குறிவைப்பதிலே பயன் சிறிது; ஒரு காவலரை வீழ்த்தினால் மற்றவர் விழித்திருப்பார். வளையப் புரதமோ வேறு. அது இன்றேல் பிரிவே இல்லை. அதனைத் தாக்கும் பொருள்கள் ஆய்வுகூடத்திலே பல கண்டுபிடிக்கப்பட்டு, 2008 முதலாக நம்பிக்கையோடு பேசப்பட்டு வந்துள்ளன. ஆயினும், அவற்றுள் ஒன்றேனும் மருந்துக்கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. வாந்திபேதிக்காரரைக் காப்பாற்றுவது இன்றும் உப்பும் வெல்லமும் அளவறிந்து கலந்த நீரே. வாந்திபேதி வாராமற் காப்பது தூய குடிநீரும் மலங்கழிக்கும் ஒழுங்குமே.

காவற் புரதத்தைப் பற்றிய ஆராய்ச்சியின் மதிப்பை மருந்துக்கடையிலே நிறுத்துப் பார்த்தல் வேண்டா. ஓர் உயிர் தன் முதுசொத்தை அறுக்காமல் எங்ஙனம் பங்கிடுகின்றது என்பது தன்னளவிலேயே அறியத்தக்கது. அவ்வறிவும் இன்னும் முற்றுப்பெறவில்லை. மின் புரதங்களையும் காவற் புரதத்தையும் ஒருங்கே நீக்கி, மெதுவாக வளரவிட்ட எசரிக்கியாக் கலங்களை நுணுக்குக்காட்டியிலே 2014 இல் ஆராய்ந்தபோது, வளையம் அப்போதும் பெரும்பாலும் நடுவையே, விலகிய இரு டீ.என்.ஏ. திரள்களுக்கும் இடைப்பட்ட வெளியையே நாடித் திரளக் கண்டனர். பெயரறிந்த இரு காவலரையும் விலக்கிய பின்னும் வீட்டிலே யாரோ விழித்திருக்கின்றார். நிறமூர்த்தத்தின் முடிவுப் பகுதியைப் பற்றி நின்று வளையத்தைத் தன் பக்கம் ஈர்க்கும் மற்றொரு புரதத்தின்மேல் ஐயம் எழுந்தது. அதனையும் நீக்கிப் பார்த்தனர். அதன் பின்னும் வளையம் நடுவை முற்றாக மறந்துவிடவில்லை.